நான் மாலை போட்ட டச்சுத் தளபதி

அந்தக் கப்பலில் எனக்கு மெஸ்மேன் வேலை. சமையலறையிலிருந்து சாப்பாட்டை எடுத்து வைப்பது, மேசை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, அதிகாரிகளின் அறைகளைக் கூட்டிப் பெருக்குவது. கப்பல் என்றதும் நாடு நாடாகப் போகிற கப்பல் என்று நினைக்க வேண்டாம். கடலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு வரும். துபாய்க் கரையோரம் புதிதாகத் தீவு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் அதைத் துப்பிவிட்டு மறுபடியும் மணலுக்குப் போகும். டிரெட்ஜர் என்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருஷங்கள் அங்கே இதே வேலைதான். கடலாக இருந்த இடம் கண்ணெதிரே தரையாகும். ஈசன் செய்கிற காரியத்தை மனுஷன் செய்கிறானே என்று முதல் மாசம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கம்பெனி ஹாலந்துக்காரர்களுடையது. கேப்டனும் டச்சுக்காரர்தான். நல்ல உயரம், வெள்ளைப் புருவம், அதிகம் பேசமாட்டார். தினமும் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைக் கொட்டிச் சின்னப்பிள்ளை மாதிரி சாப்பிடுவார். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசையா என்று எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் நான் காபி கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்து நன்றி சொல்வார். அதற்கு முன்னால் தோஹா தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேனே, அங்கே எவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் கேப்டன் திடீரென்று ஊருக்குப் போனார். அவருடைய அப்பா இறந்துவிட்டார் என்று சமையல்காரர் அண்ணன் சொன்னார். அண்ணனுக்குத் தூத்துக்குடி. கப்பலில் எது நடந்தாலும் முதலில் சமையலறைக்குத்தான் தெரியும். காரியம் முடிந்து கேப்டன் திரும்பி வந்தபோது கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. அன்று மத்தியானமே ஆளைக் கூப்பிட்டு மெஸ் ரூமில் காபி மெஷினுக்கு மேலே சுவரில் அதை மாட்டச் சொன்னார். மாட்டி முடித்து எல்லோரும் போன பிறகும் அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவனிக்காமலே வெளியே போய்விட்டார்.

பிறகு நானும் போய்ப் பார்த்தேன். தடித்த முகம், முறுக்கிய மீசை, தோள்வரை முடி, சிவந்த கன்னம். கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்த வெள்ளைத்துணி, கையில் ஒரு குட்டைத் தடி. பின்னால் கடலும் பாய்மரக் கப்பல்களும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அப்பா இறந்தால் படம் எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதுதானே எங்கும் வழக்கம். உடுப்புதான் ஒருமாதிரி இருந்தது. நம் ஊர் ஸ்டுடியோவில் சட்டை கூட வாங்க வழியில்லாதவனுக்கும் கோட்டு மாட்டிவிட்டுப் பின்னால் தாஜ்மகால் திரையைத் தொங்கவிடுகிறார்களே, அதுமாதிரி அவர்கள் ஊரில் கப்பல் திரை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துக்கம் நடந்த வீட்டுக்காரரிடம் போய் இது யார் படம் என்று எப்படிக் கேட்பது?

என் மனசு அதில் போய் ஒட்டியதற்குக் காரணம் இருந்தது. நான் தோஹாவில் இருந்தபோதுதான் என் அப்பா போனார். கேம்ப் போனில் சேதி வந்தது. பாஸ்போர்ட் கம்பெனியிடம். மேனேஜரிடம் போய் நின்றேன். "லீவ் மாஃபி", லீவ் கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொள்ளி போட நான் இல்லை, தம்பிதான் போட்டான். பதினாறாம் நாள் என் கட்டிலின் கம்பியில் அப்பாவின் சின்ன போட்டோவைச் சொருகி, கூட இருந்தவர்கள் காகிதத்தில் செய்து கொடுத்த மாலையை அதற்குப் போட்டேன். அறையில் இருந்த எல்லோரும், வேற்று மாநிலத்துக்காரர்களும் சேர்த்து, எழுந்து நின்றார்கள். அப்பாவுக்கு நான் செய்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டு எங்களை வெறுங்கையோடு விமானம் ஏற்றி அனுப்பினார்கள். வேதாரணியம் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நான் வந்து இறங்கியபோது என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண் பிள்ளைகள் இரண்டு. இந்தக் கப்பல் வேலை கிடைத்தது சாமி கொடுத்தது.

கரைக்குப் போகிற வெள்ளிக்கிழமை வந்தது. ஷார்ஜாவில் முவைலாவில் நாகூர்க்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். அப்பளம், ஊறுகாய், விபூதிப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும்.

"பாய், மாலை இருக்கா?"

"சாமிக்கா தம்பி, போட்டோவுக்கா?"

"போட்டோவுக்குத்தான்."

அவர் முகம் மாறியது. "ஊட்டுல யாரும் மவுத்தா?"

"எங்க வூட்டுல இல்ல பாய். எங்க கேப்டனோட அப்பா."

"வெள்ளக்காரருக்கா? அவரு கேட்டாரா?"

"கேக்கல."

பாய் தராசை ஒதுக்கி வைத்தார். "கேட்டுச் செய்யறது வேல. கேக்காம செய்யறதுதான் மருவாதி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சந்தனச் சீவல் மாலை ஒன்றை எடுத்து வந்து உதறிக் காட்டினார். "இதான் போட்டோவுக்கு லாயக்கு. வாடாது. ஊதுபத்தியும் இந்தா. கட்டுக் கட்டாத்தான் இருக்கு, உதிரி இல்ல."

பதினாறாம் நாள் வந்தது. காலைச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். சமையல்காரர் அண்ணன் குளிர் அறையில் மீன் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கை கால் முகம் கழுவி நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் படத்துக்கு மாலையைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. போனவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அவருக்கு என்ன பிடிக்குமென்று நான் எங்கே கண்டேன்? மகனுக்குப் பிடித்தது அப்பாவுக்கும் பிடிக்காமலா போகும் என்று ஒரு ரொட்டியில் வெண்ணெய் தடவி சாக்லேட் தூளைத் தாராளமாகத் தூவித் தட்டில் வைத்தேன். பக்கத்தில் சர்க்கரை போடாத காபி. ஊதுபத்தியில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது என்று முழுக் கட்டையும் கொளுத்தி ஒரு டம்ளரில் உப்பு போட்டு நட்டு, அலமாரியின் மேலே படத்துக்கு நேராக வைத்தேன். கண்ணை மூடி, ஐயா, நீங்கள் யாரோ நான் யாரோ, உங்கள் பிள்ளை எனக்கு மரியாதை கொடுக்கிறார், நீங்கள் நல்ல கதிக்குப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறப்பதற்குள் மணி அடித்தது.

கப்பலில் தீ மணி எப்படி இருக்கும் என்பது அதைக் காதால் கேட்டவர்களுக்குத் தெரியும். காது வழியாக நுழைந்து பல்லில் போய் நிற்கும். நான் வைத்த டம்ளருக்கு நேர் மேலே கூரையில் புகையைக் கண்டுபிடிக்கிற கருவி இருந்திருக்கிறது. தினமும் ஒட்டடை அடிக்கும்போது அதையும் துடைத்திருக்கிறேன். ஏதோ சின்ன விளக்கு என்று நினைத்திருந்தேன்.

மணல் உறிஞ்சுகிற பம்ப்பின் இரைச்சல் நின்றுபோனது. கடலடியில் கிடந்த குழாயை மேலே தூக்கிவிட்டார்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்கள். நானும் கும்பலோடு ஓடி வரிசையில் நின்றேன். முகமூடி போட்ட தீயணைப்புக் குழு மெஸ் ரூமுக்குள் பாய்ந்தது. முன்னால் போனவர் சேஃப்டி ஆபீசர். லக்னோ பக்கத்துக்காரர். சட்டம் என்றால் சட்டம் என்கிற மனுஷன். கதவைத் திறந்ததும் புகையைப் பார்த்திருக்கிறார். என்ன ஏது என்று பார்க்கவில்லை. தீயணைப்பு உருளையை அழுத்தி வெள்ளைப் பொடியை முழுக்க அடித்துவிட்டார்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். "மெஸ் ரூமில் பூஜை செய்தது யார்?"

மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கப்பல் முழுக்கத் தேடினாலும் நெற்றியில் விபூதியோடு நின்றவன் நான் ஒருவன்தான். கையைத் தூக்கினேன்.

"பாகல் ஹை க்யா?" பைத்தியமா உனக்கு என்றார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்: கப்பலுக்குள் திறந்த நெருப்பு வைத்தால் அன்றைக்கே இறக்கிவிட வேண்டும் என்பது விதி. இறக்கிவிட்டால் விசா கேன்சல். அதோடு ஆறு மாசத்துக்கு அந்த நாட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாதபடி தடை போட்டுவிடுவார்கள். மறுபடியும் வெறுங்கையோடு அதே வாசலில் போய் இறங்குகிறேன், அவள் ஒன்றும் கேட்காமல் நிற்கிறாள், இதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

கேப்டன் என்னை மெஸ் ரூமுக்கு வரச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பதால் சமையல்காரர் அண்ணனையும் கூட அழைத்தார். சேஃப்டி ஆபீசரும் இருந்தார். உள்ளே போனால் எல்லாம் ஒரே வெள்ளை. மேசை, நாற்காலி, காபி மெஷின், மாலை எல்லாம். ரொட்டியின் மேல் சாக்லேட் தூளும் தெரியவில்லை. படத்தில் இருந்தவர் மீசை நரைத்துக் கிழவராகிவிட்டிருந்தார்.

"ஏன் செய்தாய்?" என்று கேட்டார் கேப்டன். குரலில் கோபம் தெரியவில்லை. அதுவே எனக்கு அழுகையாக வந்தது.

"சார், யுவர் பாதர். சிக்ஸ்டீன் டே," என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழில் அண்ணனிடம் கொட்டினேன். அவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேப்டனுக்குச் சொன்னார். நடுவில் என் பக்கம் திரும்பி, "ஏல, ரொட்டி எதுக்குன்னு கேக்காருல. என்னன்னு சொல்லட்டும்?" என்றார்.

"அவரோட அப்பாவுக்குப் புடிக்கும்னு வச்சேண்ணே."

அண்ணன் சொன்னதும் கேப்டன் அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிப்புத்தான். ஆனால் சிரிப்பு நின்றதும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் அப்பா இல்லை," என்றார்.

நான் மாலையைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன்.

"இவர் எங்கள் நாட்டுக் கடற்படைத் தளபதி. செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கப்பலுக்கு வைத்திருக்கிற பேர் இவருடைய பேர்தான்."

சேஃப்டி ஆபீசர் தொண்டையைச் செருமினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு கேப்டன் நிமிர்ந்து நின்றார். கம்பெனி ஆபீசுக்குத் தகவல் எழுதியே ஆகவேண்டும் என்றும், முடிவு அங்கிருந்துதான் வரும் என்றும், அதுவரைக்கும் நான் வேலை பார்க்காமல் அறையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அறையில் இருந்தவனுக்கு அண்ணன்தான் சாப்பாடு கொண்டுவந்தார். கொண்டுவரும்போதெல்லாம் ஒரு ஏச்சும் கூட வரும்.

"எவனுக்குல மாலை போட்டிருக்கே? எங்க ஊர்ல கெடந்து முத்தெல்லாம் வாரிட்டுப் போன கூட்டத்துக்குத் தளபதியாம்ல அவன்! ஒங்க நாகப்பட்டணத்துல கோட்டை கட்டி ஒக்காந்ததும் இவனுவதான். அவனுக்குப் போயி பதினாறாம் நாள் செஞ்சிருக்கான் பாரு, முந்நூறு வருசம் கழிச்சு!"

"சும்மா இருங்கண்ணே."

"சரி, தின்னு. நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாத. ஒன்ன எறக்கி விட்டா எனக்கு யாருல பாத்திரம் கழுவுவா?" என்று சொல்லி மீன்துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு போன் பேசுகிற முறை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேசினால் குரலிலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். வேதாரண்யேசுவரா, இதுவும் உன் சித்தம் என்று படுத்துக் கிடந்தேன். சித்தம் என்று வாய் சொன்னதே தவிர மனசு அடங்கவில்லை.

மறுநாள் பகலில் கேப்டன் ஆள் அனுப்பினார். முடிவு வந்துவிட்டது என்று நினைத்துப் போனேன். மெஸ் ரூமில் அவர் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேசைமேல் படுக்க வைத்திருந்தார். கையில் பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ். எனக்கும் ஒன்று கொடுத்தார். சட்டத்தின் இடுக்கில் புகுந்திருந்த பொடியை இரண்டு பேருமாகத் தட்டி எடுக்க ஆரம்பித்தோம். மாலையை அவர் கழற்றி எறியவில்லை. உதறி நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்திருந்தார்.

துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக, எனக்கு விளங்கும்படி. எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

அந்தத் தளபதி பெரிய இடத்துப் பிள்ளை இல்லையாம். சின்னப் பையனாக இருந்தபோது கயிறு திரிக்கிற கொட்டகையில் சக்கரம் சுற்ற விட்டார்களாம். அங்கே நிற்கப் பிடிக்காமல் கப்பலில் எடுபிடியாகப் போயிருக்கிறார். அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, மாலுமி, கேப்டன், கடைசியில் நாட்டுக் கடற்படைக்கே தளபதி. இங்கிலீஷ்காரரோடு பெரிய பெரிய சண்டைகள். கப்பலில் வேலை பார்த்தவர்கள் அவரைத் தாத்தா என்பதுபோல ஒரு செல்லப் பேர் வைத்துக் கூப்பிட்டார்களாம்.

"ஒரு சண்டை நாலு நாள் நடந்தது," என்றார் கேப்டன். "முடிந்த மறுநாள் காலையில் ஒரு வெளிநாட்டுப் பிரபு இவரைப் பார்க்கப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் தளபதி துடைப்பத்தை எடுத்துத் தன் அறையைத் தானே பெருக்கிக்கொண்டிருக்கிறார். பெருக்கிவிட்டுப் போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டாராம்."

நான் பிரஷை நிறுத்திவிட்டேன். "தளபதியா சார்? பெருக்கினாரா?"

"எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். என் அப்பா சனிக்கிழமை தோறும் இதைச் சொல்லித்தான் எங்களை வீடு பெருக்க வைப்பார்."

அப்புறம்தான் அந்தப் படத்தின் கதை வந்தது. கேப்டனின் அப்பாவும் மணல் வாரும் கப்பலில்தான் காலமெல்லாம் இருந்திருக்கிறார். இந்தப் படம் அவருடைய சாய்வு நாற்காலிக்கு மேலே தொங்கியதாம். கேப்டன் பிறந்ததிலிருந்து அது அங்கேதான் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா சின்ன வீட்டுக்கு மாறுகிறார். அங்கே இவ்வளவு பெரிய படத்துக்குச் சுவர் இல்லை. எறிய மனசு வரவில்லை, எடுத்து வந்துவிட்டார்.

"நீ முழுசாகத் தப்புச் செய்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை," என்றார். "இந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்பாதான் ஞாபகம் வருகிறார்."

எனக்கு அண்ணன் ஏசியது நினைவுக்கு வந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், எங்கள் பக்கம் உங்கள் ஆட்கள் கோட்டை கட்டினார்களாம். முத்து எடுத்துப் போனார்களாம். இவரா சார்?"

அவர் பிரஷில் ஒட்டியிருந்த பொடியை உதறினார். "இவர் உன் ஊருக்கு வரவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவில் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கோட்டைகளில் மனுஷரை விற்றார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கோழிக்கதையைச் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. நான் பெரியவனான பிறகு அப்பாவிடம் இதைப் பற்றிச் சண்டை போட்டேன். படத்தை இறக்கு என்றுகூடச் சொன்னேன். அவர் இறக்கவில்லை. பெருக்கியதும் நிஜம், அதுவும் நிஜம், இரண்டையும் தெரிந்துகொண்டு பார் என்றார்."

நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தடித்த முகம் பொடிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இப்போது பார்க்கும்போது பழைய மரியாதையும் இருந்தது, கூடவே ஒரு சங்கடமும் இருந்தது.

"எப்படி சார் செத்தார்?"

"இத்தாலிப் பக்கம் தூரக் கடலில் ஒரு சண்டை. காலில் குண்டு பட்டது. புண் ஆறாமல் கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். உடம்பைக் கப்பலில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்க்க எத்தனையோ மாசமானது. அதற்கப்புறம்தான் அடக்கம். வழியில் எதிரி நாட்டு ராஜாகூட, அந்தக் கப்பல் எங்கள் கரையைத் தாண்டும்போது மரியாதை செய்யுங்கள் என்று உத்தரவு போட்டாராம்."

எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. தளபதியின் வீட்டுக்காரர்கள் காத்துக்கிடந்திருப்பார்கள் அல்லவா, அவர் முகம் பார்க்க? தோஹாவில் நான் இருந்தேன், என்னால் போக முடியவில்லை, அங்கே அவர்கள் காத்திருந்தார்கள், அவரால் வந்து சேர முடியவில்லை. கேப்டனிடம் தோஹாவில் நடந்ததைச் சொன்னேன். லீவ் மாஃபி, கட்டில் கம்பி, காகித மாலை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உடைத்து உடைத்துச் சொன்னேன். எல்லாம் அவருக்கு விளங்கியதா என்று தெரியாது. கேட்டு முடித்ததும் அவர் பிரஷைக் கீழே வைத்தார். "நான் போனேன். எனக்கு அன்றைக்கே டிக்கெட் போட்டார்கள்," என்றார்.

ஆபீசோடு போனில் பேச்சு அன்று சாயங்காலம் நடந்தது. கேப்டனும் சேஃப்டி ஆபீசரும் ஒரு அறையில், போனுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆட்கள். அண்ணன் காபி கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டு ஓடிவந்தார்.

"ஏல, ஆபீஸ்காரன் ஒன்ன எறக்கத்தான் சொல்லுதான். கேப்டன் இவன் நல்லவன், நல்லவன்னு பேசுதாரு. அவன் கேக்க மாட்டேங்கான். விதி இருக்குல்லாங்கான்."

"முருகா," என்று உட்கார்ந்துவிட்டேன்.

"இரு, முழுசாக் கேளு. கடைசில யாரு வாயத் தொறந்தா தெரியுமா? நம்ம லக்னோக்காரன்!"

அண்ணன் சொன்னது இது. சேஃப்டி ஆபீசர் போனில் குறுக்கிட்டுச் சொன்னாராம்: புது ஆட்களுக்கு வகுப்பு எடுத்தது நான். சிகரெட் கூடாது, லைட்டர் கூடாது, வெல்டிங்குக்கு அனுமதி வேண்டும் என்று சொன்னேன். அகர்பத்தி கூடாது என்று சொல்லவில்லை. என் வீட்டில் தினமும் அம்மாவின் படத்துக்கு முன்னால் எரிகிறது, அதை நெருப்பு என்று நானே நினைத்ததில்லை. விதிப்படி பார்த்தால் சொல்லிக்கொடுக்காதது என் குறை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆபீஸ்காரருக்கு அதற்கு மேல் பேச வழியில்லை. எனக்கு எச்சரிக்கை. சேஃப்டி ஆபீசருக்கும் ஒரு எச்சரிக்கை. வேலை இருக்கிறது.

அன்றைக்கே வீட்டுக்கு போன் போட்டேன். "ஏங்க, கொரலு ஒருமாதிரி இருக்கு?" என்றாள். "கப்பல்ல கொஞ்சம் தூசி," என்றேன். பொய்யும் இல்லை.

தண்டனை இல்லாமல் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் எல்லோரையும் கூட்டிப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற கூட்டத்தில் நான் முன்னால் வந்து நின்று, ஊதுபத்தியும் நெருப்புத்தான் என்று தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். சேஃப்டி ஆபீசர் பக்கத்தில் நின்று அதையே ஹிந்தியில் சொல்வார். பையன்கள் விடுவார்களா? "அண்ணே, சூடம்?" "அண்ணே, சாம்பிராணி?" "அண்ணே, அந்தப் படத்துல இருக்கறவருக்கு வருசத் தெவசம் எப்ப?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எல்லாம் நெருப்புத்தான், எல்லாம் நெருப்புத்தான் என்று வாய் வலிக்கச் சொல்வேன்.

ஆடி அமாவாசை வந்தது. ஊரில் இருந்தால் வேதாரணியம் கடலில் இறங்கி அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டிருப்பேன். தோஹாவில் கடல் பக்கமே விட்டதில்லை. இங்கே காலுக்குக் கீழே கடல். ஆனால் பட்டது போதும் என்று இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்யலாமென்று காலையில் நேரே சேஃப்டி ஆபீசரிடம் போனேன். என்ன வேண்டும் என்றார். எள், தண்ணீர், கையால் கடலில் விடுவேன், நெருப்பு ஒன்றும் கிடையாது என்றேன்.

"பானிக்கு பெர்மிட் வேண்டாம்," என்றார்.

கறுப்பு எள் கப்பலில் எங்கே இருக்கும்? "பன்னுக்கு மேல தூவுத வெள்ள எள்ளுதான்ல இருக்கு," என்றார் அண்ணன். சாமி பார்த்துக்கொள்ளும் என்று அதையே வாங்கிக்கொண்டேன். மணல் ஏற்றியிருந்ததால் கப்பல் நன்றாக அமிழ்ந்து, கடல் ஓரத்தளத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. வாளியில் கயிறு கட்டித் தண்ணீர் மொண்டேன். வெயில் அப்போதே சுட ஆரம்பித்திருந்தது.

கேப்டன் அங்கே வந்தார். இடையில் மறுபடியும் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. யார் சொன்னார்களோ தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நான் அப்பாவின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். முடித்துத் திரும்பினால் அவர் தன் கையை நீட்டினார். எப்படிக் குவிக்க வேண்டும், பெருவிரல் பக்கம் எப்படிச் சரிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். எள் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அவர் தன் மொழியில் அப்பாவின் பேரைச் சொன்னார். அது எனக்கு வாயில் நுழையாத பேர்.

பிறகு நான் இன்னொரு கை தண்ணீர் எடுத்தேன்.

"இது யாருக்கு?" என்று கேட்டார் கேப்டன்.

"படத்தில் இருக்கிறவருக்கு சார். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்."

"அவர் செய்தது எல்லாம் தெரிந்துமா?"

"தெரிந்துதான் சார். அந்தக் கோட்டைகளில் விற்கப்பட்டவர்களுக்கு யார் தண்ணீர் விட்டிருப்பார்கள்? அவர்களுக்கும் சேர்த்துத்தான்." அவருக்கும் ஒரு கை, பேர் தெரியாத அவர்களுக்கும் ஒரு கை விட்டேன். கேப்டன் தலையைக் குனிந்து நின்றார்.

பின்னால் பூட்ஸ் சத்தம். சேஃப்டி ஆபீசர். தலையில் ஹெல்மெட், கையில் இரண்டு லைஃப் ஜாக்கெட். ஓரத்தளத்தில் இதைப் போடாமல் நிற்கக்கூடாது என்று கேப்டனையே அதட்டினார். கேப்டனும் நானும் மாட்டிக்கொண்டோம். வார் சரியாக இழுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். பார்த்து முடித்தும் அவர் போகவில்லை. கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் சொருகினார்.

"மா கே லியே," அம்மாவுக்காக என்று சொல்லி என் முன்னால் வலது கையைக் குவித்தார்.

எள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.